டபிள்யூடி-40: எதற்குப் பிறந்தது, எங்கே உதவும், எங்கே உதவாது

டபிள்யூடி-40 என்றால் நீலமும் மஞ்சளும் கலந்த தெளிப்பான் டப்பா, சிவப்பு மூடி. ஹார்டுவேர் கடையிலும் வண்டி உதிரிபாகக் கடையிலும் கண்ணில் படாமல் இருக்காது. கதவு கிறீச்சிட்டாலும் பூட்டு இறுகினாலும் பலர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் வாங்கி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் இதை டப்பாவில் அடைத்த மெஷின் எண்ணெய் என்றே நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் தையல் மிஷினிலும் மின்விசிறியிலும் அடித்துவிட்டு, நாலு நாளில் மறுபடியும் சத்தம் வருகிறதே என்கிறார்கள். இது பிறந்த கதை தெரிந்தால் எங்கே அடிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகப் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதை எங்கே, எதற்காக உருவாக்கினார்கள்?

1953-ல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரில். நிறுவனத்தின் பெயர் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி. வேலை செய்தவர்கள் மூன்றே பேர். விமானம், விண்வெளித் தொழில்களுக்குத் தேவையான துருத் தடுப்பான்களையும் கிரீஸ் நீக்கும் திரவங்களையும் செய்து விற்பது அவர்கள் திட்டம்.

உலோகத்தின் மேல் ஈரம் தங்கினால் துரு வரும். அந்த ஈரத்தைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் தான் படிந்துகொள்ளும் திரவம் ஒன்றை அவர்கள் தேடினார்கள். முப்பத்தொன்பது கலவைகள் சரிப்படவில்லை. நாற்பதாவது சரியாக அமைந்தது. தண்ணீரை இடம்பெயர்க்கும் (Water Displacement, அதாவது WD) நாற்பதாவது கலவை என்று ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் சுருக்கமாக எழுதி வைத்திருந்ததே கடைசியில் பொருளின் பெயராகிவிட்டது.

கதவுக் கீல் அவர்கள் மனதில் இல்லவே இல்லை. உராய்வைக் குறைப்பதும் அல்ல, ஈரத்தை விரட்டுவதுதான் நோக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

கண்டுபிடித்தவர் யார்?

இதில் இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. நிறுவனமும் பெரும்பாலான கட்டுரைகளும் சொல்வது நார்மன் லார்சன் என்ற பெயரை. சான் டியேகோ வரலாற்றை ஆராய்ந்த பேராசிரியர் ஐரிஸ் எங்ஸ்ட்ராண்ட் சொன்னது வேறு. கலவையை உருவாக்கியவர் ஐவர் நார்மன் லாசன் என்பவர், அந்தக் காலத்தில் அதற்கான பெருமை அவருக்கே கிடைத்தது, பிறகு நிறுவனத் தலைவராக இருந்த லார்சனின் பெயரோடு அவர் பெயர் குழம்பிப்போய்விட்டது என்கிறார் அவர். இரண்டு பேரும் நார்மன், ஒருவர் லார்சன், இன்னொருவர் லாசன். குழப்பம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். லாசனின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

ராக்கெட்டில் பயன்படுத்தினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். முதல் பெரிய வாடிக்கையாளர் கான்வேர் என்ற விமான, ஏவுகணைத் தயாரிப்பு நிறுவனம். அட்லஸ் என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அட்லஸின் எரிபொருள் தொட்டிதான் அதன் உடலே. உள்ளே தாங்குவதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. எடையைக் குறைப்பதற்காகத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவு என்ற அளவுக்கு மெல்லியதாக வைத்திருந்தார்கள். எரிபொருள் இல்லாத நேரத்தில் உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடல் தன் எடையாலேயே நசுங்கிவிடும். இவ்வளவு மெல்லிய தகட்டில் ஒரு சின்ன அரிப்பு வந்தாலும் ஆபத்து. துருப்பிடிக்காத எஃகு என்றாலும் ஈரமும் உப்புக் காற்றும் தொடர்ந்து பட்டால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். அந்தத் தோலைக் காப்பாற்றத்தான் இந்தத் திரவத்தைப் பூசினார்கள். பிறகு 1962-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் போனதும் அட்லஸ் வகை ராக்கெட்டில்தான்.

அப்புறம் எப்படி வீடுகளுக்கு வந்தது?

கான்வேர் ஊழியர்கள் மூலமாகத்தான். தொழிற்சாலையில் இது செய்யும் வேலையைப் பார்த்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தார்கள். அதைக் கவனித்த லார்சன், தெளிப்பான் டப்பாவில் அடைத்து விற்றால் என்ன என்று யோசித்தார். 1958-ல் சான் டியேகோ கடைகளில் அது விற்பனைக்கு வந்தது.

நேரமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. வாயு அழுத்தத்தால் பீய்ச்சும் டப்பாவை நார்வேக்காரர் எரிக் ரோத்தெய்ம் 1920-களிலேயே உருவாக்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கொசு மருந்தை அதே முறையில்தான் அடித்தார்கள். ஆனால் வால்வு கனமாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. 1949-ல் ராபர்ட் ஆப்லனால்ப் மலிவான வால்வு ஒன்றை வடிவமைத்த பிறகுதான் தெளிப்பான் டப்பா சாதாரண வீட்டுப் பொருளாக மாறியது.

1960-ல் ராக்கெட் கெமிக்கலில் ஏழு பேர். தங்கள் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் ஹார்டுவேர் கடைகளுக்கும் விளையாட்டுப் பொருள் கடைகளுக்கும் சராசரியாக நாளொன்றுக்கு 45 பெட்டிகள் விற்றார்கள்.

அடுத்த ஆண்டுதான் திருப்பம். 1961 செப்டம்பரில் கார்லா என்ற சூறாவளி டெக்சாஸ் கடற்கரையைத் தாக்கியது. கடல்நீரும் வெள்ளமும் புகுந்த வண்டிகளையும் கருவிகளையும் மீட்க இந்தத் திரவம் தேவைப்பட்டது. லாரி நிறைய அனுப்பச் சொல்லி முதன்முதலாக ஆர்டர் வந்தது. ஊழியர்கள் சனிக்கிழமையும் வந்து வேலை பார்த்து அனுப்பினார்கள். தண்ணீரை விரட்டப் பிறந்த பொருள், தண்ணீர் புகுந்த ஊரில்தான் தன் மதிப்பை நிரூபித்தது. 1968-ல் வியட்நாமில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு அனுப்பிய அன்பளிப்புப் பொட்டலங்களிலும் இது இருந்தது. அந்தக் காட்டு ஈரத்தில் துப்பாக்கிகள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்காக.

1969-ல் தலைவராக வந்த ஜான் பாரி, நாம் ராக்கெட் எதுவும் செய்வதில்லையே என்று சொல்லி நிறுவனத்தின் பெயரையே டபிள்யூடி-40 கம்பெனி என்று மாற்றினார். 1973-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1993-ல் அமெரிக்க வீடுகளில் ஐந்தில் நான்கில் இந்த டப்பா இருந்தது என்று நிறுவனம் சொல்கிறது. டப்பாவோடு வரும் மெல்லிய சிவப்புக் குழாய் அடிக்கடி தொலைகிறது என்று வாடிக்கையாளர்கள் புலம்பிக்கொண்டே இருந்ததால், 2005-ல் குழாயை டப்பாவோடு சேர்த்தே பொருத்திய வடிவமும் வந்தது.

இதற்கு காப்புரிமை இருக்கிறதா?

இல்லை, வேண்டுமென்றே வாங்கவில்லை. காப்புரிமை வாங்கினால் கலவையை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ரகசியத்துக்கு அப்படிக் கெடு கிடையாது. எழுதிய சூத்திரம் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதா?

துல்லியமான கலவை தெரியாது. பொதுவாக என்ன வகைப் பொருள்கள் என்பது நிறுவனமே வெளியிடும் பாதுகாப்புத் தாளில் இருக்கிறது. பாதிக்கு மேல் எளிதில் ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான்கள், அதைவிடக் குறைவாக பெட்ரோலிய எண்ணெய், தள்ளிப் பீய்ச்சுவதற்குக் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு. மீன் எண்ணெய் இருக்கிறது என்று பல ஆண்டுகளாக ஒரு பேச்சு உண்டு. நிறுவனம் அதை மறுத்திருக்கிறது. சிலிகான் இல்லை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரோஃப்ளோரோகார்பனும் இல்லை.

வேலை செய்யும் விதம் இந்தக் கலவையிலேயே இருக்கிறது. கரைப்பான் மிக நீர்த்தது. நூலிழை இடைவெளியிலும் நுழைந்து, ஈரத்துக்கு அடியில் ஊர்ந்து போய் உலோகத்தைத் தொடும். பழைய பிசுக்கைக் கரைக்கும். பிறகு அது ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். சேற்றைக் கழுவிவிட்டுக் காலில் லேசாக எண்ணெய் தடவிக்கொள்வது போலத்தான்: கழுவியது பெரிய வேலை, தடவியது சின்ன வேலை. பாரமான உராய்வையும் சூட்டையும் அந்தப் படலம் நெடுநாள் தாங்காது.

சரி, கதவு கிறீச்சிடுகிறது. அடிக்கலாமா?

தாராளமாக. குழாய் முனையைக் கீலின் இடுக்கில் வைத்து ஒரு அழுத்து. கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழியும். துணியால் துடைத்துவிடுங்கள். கதவு லேசானது என்றால் இதுவே பல வாரம் தாங்கும்.

கனமான இரும்புக் கேட், ஊஞ்சல் கொக்கி, கடை ஷட்டர் என்றால் இது முதல் படி மட்டும். அடித்து, அழுக்கை வெளியே வரவைத்து, துடைத்து, காயவிட்டு, அதன் மேல் கிரீஸ் வைக்க வேண்டும். நான்கு பேர் உட்காரும் ஊஞ்சலின் பாரத்தை இந்த மெல்லிய படலம் தாங்காது. ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பார்கள். உடனடிச் சத்தத்தை அது நிறுத்தும். ஆனால் தூசியோடு சேர்ந்து நாளடைவில் பசைபோல இறுகும். அப்படி இறுகிய கீலைச் சுத்தம் செய்வதற்கு இந்த டப்பா நல்ல பொருள்.

துருப்பிடித்து இறுகிய நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பொறுமைதான் பாதி வேலை. பெரும்பாலானவர்கள் அடித்த மறுநிமிடமே ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் காட்டுகிறார்கள். போல்ட் தலை உருண்டுபோகும், இல்லாவிட்டால் போல்ட் ஒடியும்.

கம்பி பிரஷ்ஷால் மேல் துருவைத் தேய்த்து எடுங்கள். நட்டின் இரண்டு பக்கமும் நன்றாக நனையும்படி அடியுங்கள். கால் மணி நேரமாவது விடுங்கள். ரொம்பப் பழைய துரு என்றால் இரவு முழுக்க விட்டு, இடையில் ஒரு முறை மறுபடியும் அடியுங்கள். பிறகு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு, திரவம் இன்னும் உள்ளே போகும். கழற்றும் முன் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம்.

நம் ஊர் மெக்கானிக்குகள் காலங்காலமாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பதும் இதே தத்துவம்தான். மிகக் கடுமையான துருவுக்கு இறுகிய போல்ட்டுகளுக்கென்றே வரும் ஊடுருவும் எண்ணெய் இதைவிட நன்றாக வேலை செய்யும். அதில் தயங்க வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: இதை அடித்த போல்ட்டை உடனே வெல்டிங் நெருப்பாலோ கேஸ் டார்ச்சாலோ சூடாக்கக் கூடாது. தீப்பிடிக்கும்.

மழையில் நனைந்த பைக் கிளம்பவில்லை என்றால் உதவுமா?

இந்த இடத்தில்தான் இது தன் சொந்த வேலையைச் செய்கிறது. சாவியை அணைத்துவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். துணியால் துடைத்து, மூடியின் உள்ளேயும் ஒயர் சேரும் இடத்திலும் கொஞ்சம் அடியுங்கள். சில நிமிடம் காற்றாட விட்டு, வாசனை போன பிறகு மாட்டி உதைத்துப் பாருங்கள். ஈரத்தால் பொறி கசிந்துகொண்டிருந்தால் அது நின்று வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கதையே வேறு. ஏர் ஃபில்டர் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும்.

சைக்கிள், பைக் செயினுக்கு?

சுத்தம் செய்ய நல்லது. அடித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் செயினுக்கான எண்ணெயோ செயின் ஸ்ப்ரேயோ போடுங்கள். இதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் சீக்கிரமே வறண்டு சத்தம் போடும். அடிக்கும்போது டிஸ்க், பிரேக் ஷூ, டயர் பக்கம் தெறிக்காமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் எண்ணெய் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சொட்டு மூக்கு வைத்த சின்ன டப்பாவில் வரும் த்ரீ-இன்-ஒன் எண்ணெயை 1894-ல் நியூ ஜெர்சியில் ஜார்ஜ் கோல் என்பவர் சைக்கிளுக்காகத்தான் உருவாக்கினார். அந்தப் பெயரை 1995-ல் டபிள்யூடி-40 நிறுவனமே வாங்கிவிட்டது. தங்கள் நீல டப்பாவால் எல்லா வேலையும் ஆகாது என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சி என்று இதை எடுத்துக்கொள்கிறேன். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், சிலிகான் ஸ்ப்ரே, கான்டாக்ட் கிளீனர் என்று தனித்தனி டப்பாக்களும் கொண்டுவந்தார்கள்.

பூட்டுக்கு?

இறுகிப்போன, மழையில் நனைந்த பூட்டை மீட்க ஒருமுறை அடிக்கலாம். வழக்கமாக அடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெயில் தூசி சேர்ந்து உள்ளிருக்கும் ஊசிகள் சிக்கும். நன்றாக இருக்கும் பூட்டுக்குக் கிராஃபைட் தூள் மேல். பென்சில் முனையைச் சீவிய கரித்தூளே போதும். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், குழம்பாகிவிடும்.

தையல் மிஷினுக்கும் மின்விசிறிக்கும் ஏன் வேண்டாம்?

தையல் மிஷினில் பாகங்கள் வேகமாக ஓடுகின்றன. அங்கே நின்று வேலை செய்யும் எண்ணெய் வேண்டும். இது உள்ளே இருக்கும் நல்ல எண்ணெயையும் கரைத்து வெளியேற்றிவிடும். தையல் மிஷின் எண்ணெய் விலை குறைவு, அதுவே சரி. எப்போதோ கெட்டியாகி நின்றுபோன பழைய மிஷினை இளக்குவதற்கு மட்டும் இதை அடித்து, முழுக்கத் துடைத்து, பிறகு எண்ணெய் விடலாம்.

மின்விசிறியில் பேரிங்குக்குள் கிரீஸ் இருக்கிறது. இதை அடித்தால் அந்தக் கிரீஸ் நீர்த்துப்போகும். நாலு நாள் அமைதி, பிறகு முன்பைவிட அதிகச் சத்தம். பேரிங்கை மாற்றுவதுதான் வழி.

ஸ்டிக்கர் பசை, சுவரில் கிரேயான் கிறுக்கல்?

கண்ணாடி, டைல்ஸ், உலோகம் என்றால் ஸ்டிக்கர் பசை அழகாகப் போகும். துணியில் அடித்து, பசையின் மேல் சில நிமிடம் வைத்து, துடைத்து, கடைசியில் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். சமைக்கும் பாத்திரத்துக்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

கிரேயானைப் பொறுத்தவரை, வழவழப்பான எனாமல் பெயின்ட் மேல் இருந்தால் போகும். டிஸ்டெம்பர் சுவரில் அடித்தால் கிறுக்கல் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை வரும். முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. ஸ்க்ரூடிரைவர், கத்தரி எல்லாம் துருப்பிடிக்கிறது.

உப்புக் காற்றுக்கு இது ஏற்ற காவல். கருவியைத் துடைத்து, துணியில் அடித்து மெல்லப் பூசி வையுங்கள். ஏற்கெனவே வந்த மேல்துருவுக்கு, அடித்துச் சற்று ஊறவிட்டு இரும்பு நாரால் தேய்த்தால் போகும். தகட்டையே அரித்துவிட்ட துருவை எதனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை பூசினால் நல்லது.

எங்கெல்லாம் அடிக்கவே கூடாது?

பிரேக். எந்த வண்டியாக இருந்தாலும், சத்தம் வந்தாலும் கூடாது. பிரேக் உராய்வால்தான் நிற்கிறது; அங்கே எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. இதில் விதிவிலக்கே இல்லை.

கேஸ் அடுப்பின் குமிழிலும் கூடாது. இது எளிதில் தீப்பற்றும் பொருள்; இறுகிய குமிழுக்குச் சூடு தாங்கும் தனி கிரீஸ் உண்டு, அடுப்பு ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். மின்சாரம் ஓடும் சுவிட்ச், பிளக் பாயின்ட் பக்கமும் போக வேண்டாம். பாலிகார்பனேட், தெளிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் அடித்தால் விரிசல் விடலாம் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும். ஹெல்மெட் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட்தான். இயற்கை ரப்பர் வாஷர்கள் உப்பிப்போகும். மிக்ஸி, கிரைண்டர் என்று உணவு படும் எதிலும் வேண்டாம். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டாலும் வேண்டாம், சொட்டுவது குடிக்கிற தண்ணீரில்.

மூட்டு வலிக்கு அடித்தால் குணமாகும் என்கிறார்களே?

ஆகாது. அமெரிக்காவில் வெகுநாளாகச் சுற்றும் பேச்சு இது. இதில் மருத்துவக் குணம் எதுவும் இல்லை என்று நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெட்ரோலியக் கரைப்பான் தோலின் இயற்கை எண்ணெயை உருவி, அரிப்பும் புண்ணும் தரும். வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு யாராவது இதை யோசனையாகச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மீன் பிடிக்கத் தூண்டில் இரையில் அடிப்பதும் அதே ரகம். நீர்நிலையில் பெட்ரோலியத்தைக் கலப்பதுதான் அது.

இரண்டாயிரம் பயன்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாமே?

இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பியதை நிறுவனம் தொகுத்தது. பேருந்தின் அடிப்பாகத்தில் சுற்றிக்கொண்ட மலைப்பாம்பை ஆசியாவில் ஒரு ஓட்டுநர் இதை அடித்து வெளியேற்றினார் என்ற கதையையும் நிறுவனம் பெருமையாகச் சொல்லும். படிக்கச் சுவையாக இருக்கும், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு அதில் பத்துப் பன்னிரண்டு போதும்.

குழந்தை வாயில் போய்விட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இது மிக நீர்த்த எண்ணெய் என்பதால் வாந்தியின்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதுதான் உயிருக்கு ஆபத்தான இடம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே வைப்பது, காலி டப்பாவை என்ன செய்வது?

50 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். பைக்கின் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். அடுப்படியிலிருந்து தள்ளி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தரையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுத் துடையுங்கள், டைல்ஸில் பயங்கரமாக வழுக்கும். எண்ணெய் தோய்ந்த துணியை அடுப்புப் பக்கம் போடாதீர்கள்.

காலியானாலும் டப்பாவுக்குள் அழுத்தம் மிச்சம் இருக்கும். ஆணியால் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. வெளியே வாயு வராத வரைக்கும் அழுத்தித் தீர்த்துவிட்டு, காய்கறிக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி, என்ன டப்பா என்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.